உலைக்கு முன் ஒப்போலை

அணுமின் நிலையம் அமைப்பதற்கு அறிவியலார் உடன்பாடும் அமைச்சரவை ஆணையும் போதும் என்பர் ஆட்சியாளர். அவ்வுலையின் நிழலில் வாழப்போகும் மக்களின் இசைவு எங்கே?

ஆத்திரிய நாட்டில் தன்யூபு ஆற்றங்கரையிலுள்ள சுவெண்டண்டோர்பு என்னும் ஊரில் 1972-இல் அணுமின் நிலையப் பணி தொடங்கிற்று. உலை முழுதும் எழுந்தபின், 1978 நவம்பர் 5-ஆம் நாள் நாட்டு மக்களிடம் நேரடி ஒப்போலை பெறப்பட்டது. வேண்டாவென்றோர் 50.47 விழுக்காட்டினர்; வேறுபாடு முப்பதாயிரத்திற்கும் குறைவு. அச்சிறு வேறுபாட்டிற்கும் அரசு பணிந்தது. உலை ஒருநாளும் இயங்கவில்லை. பெரும்பொருள் பாழானது மெய்யே. அது மக்களைக் கேட்டதால் வந்த இழப்பன்று. காலந்தாழ்த்திக் கேட்டதால் வந்த இழப்பு.

கேட்டால் மக்கள் மறுத்தேவிடுவர் என்பதும் பொய். கசக்கத்தானில் 2024 அக்தோபர் 6-இல் இதே வினா எழுப்பப்பட்டது. ஏறத்தாழ 71 விழுக்காட்டினர் இசைந்தனர். ஆயினும், மறுப்போர் பேசுதற்கு அங்கு இடம் குறுகியிருந்தது. மறுப்போர் வாயை அடைத்துப் பெறும் ஒப்போலை முழு ஒப்போலையாகாது.

இனிக் கூடங்குளத்தைக் காண்க. 1988-இல் தில்லியும் மாசுக்கோவும் உடன்படிக்கை செய்தன. 2011-இல் சப்பானியப் புகுசிமா உலைகள் சிதைந்தபின், இடிந்தகரையில் மீனவ மக்கள் உண்ணாநோன்பிருந்தனர். மக்களின் அச்சம் நீங்கும்வரை பணியை நிறுத்துக என்று அவ்வாண்டு செப்தம்பரில் தமிழக அமைச்சரவை தீர்மானித்தது. 2012 மார்ச்சில் பணி தொடரலாம் என்றது. அரை ஆண்டில் அமைச்சரவை இருமுறை கருத்துரைத்தது. கடற்கரை மக்கள் ஒருமுறையேனும் ஒப்போலையிட அழைக்கப்படவில்லை!

அத்தகைய முறை இந்நாட்டிற்குப் புதிதோ? அன்று. ஒடியாவின் நியம்கிரி மலையில் அலுமினியக் கனிமம் தோண்டுவது பற்றி ஊரவைகளே முடிவுசெய்க என்று 2013 ஏப்பிரலில் உச்ச முறைமன்றம் பணித்தது. பன்னிரண்டு ஊரவைகளும் மறுத்தன; சுரங்கம் நின்றது. அடுத்த மாதமே அம்மன்றம் கூடங்குளம் உலை இயங்க வழிவிட்டது. மலைவாழ் மக்களுக்குக் காட்டுரிமைச் சட்டம் துணைநின்றது; கடல்வாழ் மக்களுக்கு அத்தகைய சட்டமில்லை. குறை இங்கேதான் உள்ளது.

அணுவியல் அறியாதார் எங்ஙனம் முடிவுசெய்வர் என்பார் உளர். உலையை எவ்வாறு கட்டுவது என்பது அறிவியலார் வினா. அதன் இடரையும், பன்னூறு தலைமுறைக்கு நச்சு நீங்காத கழிவையும் ஏற்பதா என்பது குடிமக்கள் வினா. உழவனும் மீனவனும் நாடாளத் தக்காரைத் தேர்ந்தெடுக்க வல்லராயின், தம் மண்ணைப் பற்றி முடிவுசெய்யவும் வல்லரே.

எனவே, அடித்தளம் தோண்டுமுன்பே ஒப்போலை பெறவேண்டும். நன்மையும் தீமையும் உரைக்கும் ஆய்வறிக்கை அம்மக்களின் தாய்மொழியில் அவர்தம் கைக்கு வரவேண்டும். நாடு முழுதும் இசைந்தாலும், உலையை அண்டி வாழ்வோர் மறுப்பின் அவ்விடத்தில் உலை எழலாகாது. ஒளி பெறுவோர் பலர், இடர் தாங்குவோர் சிலர் என்னும்போது, அச்சிலரின் சொல்லே முதற்சொல்லாதல் வேண்டும்.