நுண்பாசி: விண்வெளிக்கா, அங்கன்வாடிக்கா?

கடந்த 2025 ஜூன் இறுதியில் சர்வதேச விண்வெளி நிலையத்தை அடைந்த இந்திய வீரர் சுபான்ஷு சுக்லா அங்கு மேற்கொண்ட ஆய்வுகளில் ஒன்று, நுண்பாசிகளைப் பற்றியது. நீண்ட விண்வெளிப் பயணங்களில் உணவுக்கும் பிராணவாயுவுக்கும் இந்தக் கண்ணுக்குத் தெரியாத உயிர்களை நம்ப முடியுமா என்பதே அந்த ஆய்வின் கேள்வி. அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'பயோ-இ3' கொள்கையிலும், சத்து மிகுந்த சிறப்பு உணவுகளும் புதுவகைப் புரதங்களும் முன்னுரிமைத் துறைகளில் இடம்பெற்றன. நுண்பாசிக்கு நல்ல காலம் பிறந்திருக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

இதே நாட்டில்தான், ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019-21), ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளில் 67.1 சதவீதத்தினர் ரத்தசோகையால் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள். ஐந்து வயதுக்குட்பட்டோரில் 35.5 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருக்கிறார்கள். சமூகநலத் திட்டங்களில் முன்னோடி என்று பெருமைப்படும் தமிழகத்திலும் இவை முறையே 57.4, 25 சதவீதம். இந்த இரண்டு செய்திகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் எவருக்கும், இந்தக் குழந்தைகளுக்கு நுண்பாசியைக் கொடுத்தால் என்ன என்ற எண்ணம் இயல்பாகவே எழும்.

அந்த எண்ணம் புதிதன்று. ஆப்பிரிக்காவின் சாட் ஏரிக்கரைப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் சுருள்பாசியை வடித்து, மணலில் உலர்த்தி உண்டு வந்திருக்கிறார்கள். தமிழகத்தில் விஞ்ஞானி சி.வி. சேஷாத்ரியின் தலைமையில் இயங்கிய முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையம், கிராமத்தினர் தாமே சிறு தொட்டிகளில் சுருள்பாசி வளர்க்கும் முறையை உருவாக்கியது. 1990-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 5,000 பள்ளிசெல்லாச் சிறார்களுக்கு நாளொன்றுக்கு ஒரு கிராம் சுருள்பாசி வழங்கி, வைட்டமின் 'ஏ' குறைபாட்டால் கண்ணில் தோன்றும் வெண்திட்டுகள் குறைந்ததைப் பதிவுசெய்தது. புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் பெரிய அளவிலான சுருள்பாசிப் பண்ணையே உருவானது. ஆனால், அங்கன்வாடியின் அன்றாட உணவில் சுருள்பாசி இடம்பிடிக்கவில்லை. மருந்துக் கடையின் மாத்திரைப் புட்டியில்தான் இடம்பிடித்தது.

ஏன் என்பதை அறிய, எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். உலர்ந்த சுருள்பாசியின் எடையில் 55 முதல் 70 சதவீதம் வரை புரதம். கேட்பதற்கு வியப்பாக இருக்கிறது. ஆனால், ஒரு குழந்தைக்கு ஒரு கிராம் கொடுத்தால் கிடைப்பது அரை கிராமுக்குச் சற்றுக் கூடுதலான புரதமே. அதே புரதத்தைத் தருவதற்கு மூன்று கிராம் துவரம் பருப்பு போதும். விலையோ பன்மடங்கு குறைவு. ஆகவே 'புரதப் பஞ்சத்தைத் தீர்க்கும் பாசி' என்ற விளம்பரம் விகிதத்தைக் காட்டி அளவை மறைக்கும் வித்தை. வைட்டமின் 'ஏ' ஆக மாறும் பீட்டா கரோட்டின் விஷயத்தில் ஒரு கிராம் பாசிக்கு மதிப்பு உண்டு. எனினும், கொல்லையில் நிற்கும் முருங்கையின் கீரை ஒரு கைப்பிடி அதே பணியைச் செய்யும்.

பி12 பற்றிய கூற்று இன்னும் கவலைக்குரியது. சைவ உணவினருக்கு உகந்த பி12 ஆதாரம் என்று சுருள்பாசியைப் பரிந்துரைப்போர் இன்றும் உள்ளனர். அதில் இருப்பதில் பெரும்பகுதி மனித உடலுக்குப் பயன்படாத போலி பி12 என்பது ஆய்வுகளில் தெளிவாகிவிட்டது. இதை நம்பி உண்மையான பி12-ஐத் தவிர்ப்பவர் நரம்புப் பாதிப்பை விலைக்கு வாங்குகிறார்.

அப்படியென்றால் நுண்பாசியில் பயனே இல்லையா? உண்டு, முழுப் பாசியைவிட, அதிலிருந்து பிரித்தெடுக்கும் தனிச் சத்துகளில்தான் பெரும்பயன் இருக்கிறது. பொதுவிவாதத்தில் நாம் பெரும்பாலும் பேசாமல் கடந்துவிடும் பகுதியும் அதுதான்.

முதல் சிக்கல் தண்ணீர். திறந்த குளத்தில் வளரும் பாசி, ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராம் அளவுக்கே சேரும். ஒரு கிலோ தூள் வேண்டுமானால் ஆயிரம் லிட்டர் நீரை வடித்தாக வேண்டும். சுருள்பாசி நீண்ட இழைகளாக இருப்பதால் துணியில் வடிகட்டிவிடலாம். சாட் ஏரிப் பெண்களுக்கு அது கைகூடியதன் ரகசியம் இதுவே. குளோரெல்லா போன்ற உருண்டைப் பாசிகள் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இராதவை. அவற்றைப் பிரிக்கச் சுழல் இயந்திரமும் மின்சாரமும் தேவை.

அடுத்த சிக்கல் செல்சுவர். அஸ்டாசாந்தின் என்ற செந்நிறச் சத்தைத் தரும் ஹீமட்டோகாக்கஸ் பாசி, நெருக்கடி நேரும்போது சிவந்து, தடித்த கூட்டுக்குள் ஒடுங்கிக்கொள்ளும். அந்தக் கூட்டை இயந்திரத்தால் உடைத்த பிறகே சத்தை எடுக்க முடியும். அதற்குப் பெரிதும் பயன்படுவது கரியமில வாயு. 31 பாகை செல்சியஸுக்கும் 73 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேலே அது வாயுவாகவும் இல்லாமல் திரவமாகவும் இல்லாமல் கரைப்பானாகச் செயல்படும். அழுத்தத்தைத் தளர்த்தியதும் எச்சமின்றி ஆவியாகிவிடும். தூய்மையான முறைதான், ஆனால் சுயஉதவிக் குழுவின் கொட்டகையில் நிறுவக்கூடிய கருவியன்று. மாறாக, சுருள்பாசியின் நீல நிறமியான பைகோசயனின் தண்ணீரிலேயே கரைந்து வந்துவிடும். சூடு பட்டால் சிதைந்துவிடும். 2013-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதை மிட்டாய்களுக்கான நிறமியாக அனுமதித்தது. ஏழைக் குழந்தையின் கண்ணைக் காக்க வளர்க்கப்பட்ட பாசி, வசதியான குழந்தையின் மிட்டாய்க்கு நீலம் தீட்டுகிறது.

டிஹெச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பின் கதை நம்பிக்கை தருவது. மீனெண்ணெயில் கிடைக்கும் இந்தக் கொழுப்பை மீன்கள் பெரும்பாலும் தாமே உருவாக்குவதில்லை. உணவுச் சங்கிலியின் அடியில் உள்ள நுண்ணுயிர்களிடமிருந்தே பெறுகின்றன. விண்வெளிப் பயன்பாட்டுக்காக நுண்பாசிகளை ஆராய்ந்த அமெரிக்க விஞ்ஞானிகள் சிலர் 1985-இல் தொடங்கிய மார்ட்டெக் நிறுவனம், இருட்டுக் கலன்களில் சர்க்கரையை ஊட்டி வளர்த்த பாசியிலிருந்து இந்த எண்ணெயைப் பிரித்தெடுத்தது. 2001-இல் அதைக் குழந்தைகளுக்கான பால்மாவில் சேர்ப்பதற்கு வழி திறந்தது. விண்வெளி ஆய்வு தொட்டிலுக்கு வந்து சேர்ந்ததற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. ஆனால், அந்தப் பால்மாவை வாங்கும் வசதி எந்த வீட்டுக்கு இருக்கிறது என்பதும் நமக்குத் தெரியும்.

தரக் கட்டுப்பாட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாசி, நீரிலுள்ள ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களையும் உறிஞ்சும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இயற்கை ஏரியிலிருந்து அறுவடையான நீலப்பச்சைப் பாசி மாத்திரைகளில் கல்லீரலைப் பாதிக்கும் நச்சு கண்டறியப்பட்டு, அதற்கு உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. நமது நாட்டில் துணைஉணவுகளுக்கான 2016-ஆம் ஆண்டு விதிமுறைகள் 'மருந்தாகப் பயன்படுத்துவதற்கன்று' என்று அச்சிடச் சொல்கின்றன. அந்த வரிக்கு மேலே பெரிய எழுத்தில் அச்சாகும் வாக்குறுதிகளை யார் சரிபார்க்கிறார்கள்?

இன்னொரு அச்சமும் உண்டு. 'தொட்டி அமையுங்கள், விளைச்சலை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்' என்ற அழைப்பு எந்தப் புதுத் தொழிலுக்கும் வரும், பாசிக்கும் வரக்கூடும். ஈமு கோழிப் பண்ணைகளில் பணத்தை இழந்து 2012-இல் காவல் நிலையங்களின் முன் வரிசையில் நின்ற கொங்கு மண்டலக் குடும்பங்களை நாம் மறந்துவிடலாகாது. பயிற்சி அளிக்கும் அரசு அமைப்புகள், வாங்குவோர் யார், என்ன விலைக்கு என்பதையும் பயிற்சியிலேயே சொல்லியாக வேண்டும்.

விண்வெளி ஆய்வும் வேண்டும், கரியமில வாயுக் கலனும் வேண்டும். கூடவே, செலவு குறைந்த ஓர் ஆய்வும் வேண்டும். ரத்தசோகை மிகுந்த இரண்டு ஒன்றியங்களைத் தேர்ந்தெடுத்து, சில அங்கன்வாடிகளில் சத்துமாவுடன் சுருள்பாசியும், சிலவற்றில் முருங்கைக்கீரையும், சிலவற்றில் வழக்கமான சத்துமாவு மட்டுமே என ஓராண்டு வழங்கலாம். குழந்தைகளின் ரத்தத்தை அரசு மருத்துவக் கல்லூரி அளவிடட்டும். ஒரு குழந்தைக்கு ஆன செலவும் கணக்கில் ஏறட்டும். முடிவு பாசிக்குச் சாதகமாக வந்தாலும் முருங்கைக்குச் சாதகமாக வந்தாலும், அதை அப்படியே சட்டப்பேரவையில் வைக்க வேண்டும்.