பாசிசத்தை எங்கே தேடினீர்கள், தோழர்?

ஜூன் 25 வந்தால் போதும், ஆளாளுக்கு மேடை போட்டுவிடுகிறார்கள். 1975 இல் அந்த ராத்திரிதான் இந்திரா காந்தி நெருக்கடி நிலையைக் கொண்டுவந்தார். 1977 மார்ச் 21 வரை 21 மாசம் நாடு வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தது. ஷா கமிஷன் கணக்குப்படி மிசாவிலும் இந்தியப் பாதுகாப்பு விதிகளிலும் உள்ளே போனவர்கள் 1 லட்சத்து 10 ஆயிரத்துக்கு மேல். இப்போது அந்தச் சிறைக்கணக்குக்கு வாரிசுச் சண்டை நடக்கிறது.

முதல் வாரிசாக வந்து நிற்பது ஆர்.எஸ்.எஸ். பரிவாரம். 2024 இல் ஒன்றிய அரசு ஜூன் 25 ஐ 'அரசியல் சாசனப் படுகொலை நாள்' என்று அறிவித்தது. 1949 இல் சாசனம் நிறைவேறியபோது, மனு எழுதியதை மதிக்காமல் விட்டுவிட்டார்களே என்று தன் பத்திரிகையில் புலம்பிய கூட்டம், இன்றைக்கு சாசனத்துக்குத் திதி கொடுக்கிறது. 1975 இல் எரவாடா சிறையிலிருந்து இந்திரா காந்திக்குக் கடிதம் எழுதிய தேவரஸ் இவர்களுடைய தலைவர்தான். இவர்களோடு நமக்கு வாதம் கிடையாது. இவர்கள் எதிரி. எதிரியிடம் கணக்குக் கேட்பதில்லை.

நான் கேட்பது கம்யூனிஸ்டுகளிடம். கோயம்புத்தூர் உங்கள் ஊர். மில் கேட்டில் கொடி கட்டின ஊர். சின்னியம்பாளையத்துத் தொழிலாளிகள் நாலு பேரை 1946 ஜனவரி 8 அன்று தூக்கில் போட்ட ஊர். அந்த நாலு பேருக்கு நானும் வீரவணக்கம் சொல்கிறேன். ஆனால் எமர்ஜென்சியின் 21 மாசம் கோவையின் எம்.பி. யார்? எந்தக் கட்சி? எந்தப் பக்கம்?

இதைக் கேட்டால் தோழர்களுக்குத் தொண்டை கட்டிக்கொள்கிறது.

எம்.பி. பார்வதி கிருஷ்ணன். சிபிஐ. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்துப் பெண். அப்பா ப. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். ஒரு அண்ணன் இந்தியத் தரைப்படைக்கே தளபதியாக இருந்தவர். ஆக்ஸ்போர்டில் படித்த இந்தப் பெண் அந்த வசதியை விட்டுவிட்டுக் கட்சிக்கு வந்தார், தொழிற்சங்கத்தில் நின்றார். 1954 இல் மாநிலங்களவை, 1957 இல் கோவை. இதையெல்லாம் நான் குறைத்துப் பேசவில்லை. ஜமீனை விட்டு இறங்கி வருவது லேசுப்பட்ட காரியமில்லை.

இன்னொரு அண்ணன் மோகன் குமாரமங்கலம் கம்யூனிஸ்டாக இருந்து காங்கிரசுக்குப் போய் மத்திய அமைச்சரானவர். 1973 மே 31 இல் டெல்லியில் விழுந்த விமானத்தில் அவரும் இறந்தார், கோவையின் சிபிஐ எம்.பி. கே. பாலதண்டாயுதமும் இறந்தார். காலியான அந்தத் தொகுதிக்கு 1974 இடைத்தேர்தலில் வந்தவர்தான் பார்வதி கிருஷ்ணன். 1976 மார்ச்சில் முடிய வேண்டிய மக்களவையை எமர்ஜென்சியைக் காட்டி நீட்டினார்கள். 1977 தேர்தலில் அவர் கட்சி காங்கிரசோடும் அதிமுகவோடும் சேர்ந்து நின்றது. அவரும் கோவையில் மறுபடி ஜெயித்தார். 2014 இல் காலமானார்.

சர்வாதிகாரத்தின் கீழே ஒரு கம்யூனிஸ்டின் வாழ்க்கை என்றால் நமக்குத் தெரிந்த படம் ஒன்றுதான்: தலைமறைவு, சிறை, லத்தி, தூக்குமேடை. முசோலினியின் சிறையில் வெந்த கிராம்சியைத்தான் எல்லாரும் மேடையில் இழுப்பார்கள். நம்ம ஊரில் கிடைத்த படம் வேறு. இங்கே ஒரு கம்யூனிஸ்ட் கட்சி சர்வாதிகாரத்தின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. தனிமனிதர் மேல் நான் வழக்குப் போடவில்லை. கட்சி எடுத்த நிலை பற்றித்தான் பேச்சு.

அந்த நிலை என்ன? பாசிசம் ஜெயப்பிரகாஷ் நாராயணனின் இயக்கத்தில் இருக்கிறது, அதைத் தடுக்க எமர்ஜென்சி வேண்டும் என்றார்கள். 1975 டிசம்பரில் பாட்னாவில் பாசிச எதிர்ப்பு மாநாடே போட்டார்கள். பத்திரிகைக்குத் தணிக்கை, கோர்ட்டுக்குப் பூட்டு, எதிர்த்தவனுக்குச் சிறை. இத்தனைக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு பாசிசம் எங்கோ தூரத்தில் வருகிறது என்று டார்ச் அடித்துத் தேடினார்கள்.

வாளையாறைத் தாண்டினால் கேரளம். அங்கே 1970 முதல் 1977 வரை முதலமைச்சர் சிபிஐயின் அச்சுத மேனன். 1976 மார்ச் 1 அன்று கோழிக்கோடு பொறியியல் கல்லூரி மாணவன் ராஜனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. கக்கயம் முகாமில் சித்திரவதை. உடல்கூடக் கிடைக்கவில்லை. அவருடைய அப்பா ஈச்சர வாரியர் கதவு கதவாகத் தட்டினார். முதலமைச்சர் கதவையும் தட்டினார். உள்துறை கருணாகரன் கையில் இருந்தது, காங்கிரசுக்காரர் என்று சமாதானம் சொல்லலாம். நாற்காலி யாருடையது தோழர்? 1976 ஏப்ரல் 28 இல் உச்ச நீதிமன்றமும் ஆட்கொணர்வு மனுவுக்குக் கதவைச் சாத்தியது. பிடித்துக்கொண்டு போன ஆளை எங்கே என்று கேட்கக்கூட வழியில்லை. அந்த நேரத்தில் ஒரு கம்யூனிஸ்ட் முதலமைச்சராக இருந்தார்.

எல்லாக் கம்யூனிஸ்டும் அப்படி நிற்கவில்லை. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். கைதாகி விடுதலையான மார்க்சிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் 1975 ஜூலையில் மக்களவையில் எழுந்து எமர்ஜென்சியை எதிர்த்துப் பேசினார். அது நீங்கின மறுநாள், 1977 மார்ச் 22 இல் இறந்தார். தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31 இல் திமுக ஆட்சியைக் கலைத்த பிறகு திமுககாரர்களும் திராவிடர் கழகத்தாரும் மார்க்சிஸ்டுகளும் மிசாவில் உள்ளே போனார்கள். சென்னை மத்தியச் சிறையில் அடிபட்ட சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தார். அந்த ரத்தத்தை யாரும் அழிக்க முடியாது. சிபிஐயும் 1978 இல் பட்டிண்டா மாநாட்டில், எமர்ஜென்சியை ஆதரித்தது தவறு என்று ஒப்புக்கொண்டது. சரி. ஆனால் ஏன் தவறினோம் என்ற கேள்வி பட்டிண்டாவோடு முடிந்துவிட்டதா?

என் பதில் இது. பாசிசத்தை டெல்லியில் தேடினீர்கள், பாட்னாவில் தேடினீர்கள். மில் கேட்டிலும் தோட்டத்திலும் தேடவில்லை.

மில் கேட்டில் தேடியிருந்தால் உடனே தெரிந்திருக்கும். 1975 செப்டம்பரில் ஒரு அவசரச் சட்டம் போட்டுக் குறைந்தபட்ச போனசை 8.33 சதத்திலிருந்து 4 சதமாக வெட்டினார்கள். வேலைநிறுத்தம் பண்ண முடியாது, கூட்டம் போட முடியாது. முதலாளிக்கு எமர்ஜென்சி தீபாவளி. தொழிலாளிக்குத் தீபாவளியே பாதி. உங்கள் சங்கமே இதற்கு முனகியது. முனகிவிட்டு மறுபடி ஆதரித்தது.

தோட்டத்துக்கு வருகிறேன். இங்கேதான் என் சனங்களோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. சேரியில் வயசானவர்களைக் கேட்டால், "இந்திராம்மா காலம் நல்ல காலம் சாமி, ரயிலு நேரத்துக்கு வந்துச்சு, ஆபீசர் வேலை செஞ்சான், எங்களுக்கு எடம் குடுத்தாங்க" என்பார்கள். பொய்யில்லை. 20 அம்சத் திட்டத்தில் வீட்டுமனை இருந்தது, கடன் நிவாரணம் இருந்தது. 1975 அக்டோபரில் கொத்தடிமை ஒழிப்பு அவசரச் சட்டம் வந்தது, 1976 இல் அது சட்டமானது. தீண்டாமைக் குற்றச் சட்டத்தையும் 1976 இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பேர் மாற்றிக் கடுமையாக்கினார்கள். எமர்ஜென்சியை ஆதரித்தவர்கள் காட்டுகிற சாட்சியே இதுதான்: பாருங்கள், தலித்துக்கு நல்லது நடந்தது.

எங்க அப்பன் பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்தில் பண்ணையத்துக்கு இருந்தவர். மாதாரி. சால் தைக்கணும், மாடு பார்க்கணும், செத்த மாட்டை இழுக்கணும். வருசத்துக்கு இவ்வளவு தவசம் என்று பேச்சு. கல்யாணத்துக்கு வாங்கின கடன் என் அக்கா வயசுக்கு வந்த பிறகும் அடையவில்லை. கொத்தடிமை ஒழிஞ்சதுன்னு ரேடியோவில் சொன்னார்கள். அந்த ரேடியோ பண்ணாடி வீட்டுத் திண்ணையில் இருந்தது. நாங்கள் வாசலுக்கு வெளியே நின்று காது கொடுத்துக் கேட்கணும்.

சட்டம் வந்துச்சு. அதைத் தூக்கிக்கிட்டு யார்கிட்டப் போறது? மனு எழுதச் சங்கம் வேணும். சங்கத்தின் வாயைக் கட்டியாச்சு. ஊர்வலம் போகணும், தடை. பத்திரிகையில் வரணும், தணிக்கை. மிச்சம் இருப்பது போலீஸ் ஸ்டேஷனும் தாலுகா ஆபீசும். அந்த ரெண்டு இடத்திலும் பண்ணாடிக்கு நாற்காலி போடுவான், அப்பனைச் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கச் சொல்லுவான். கேட்கிற வாயைத் தைத்துவிட்டுக் கொடுக்கிற உரிமைக்குப் பேர் உரிமை இல்லை, பிச்சை. போட்டவன் நினைத்தால் எடுத்துக்கொள்வான். வடக்கே அதுவும் நடந்தது. 1976-77 ஒரே வருசத்தில் 81 லட்சத்துக்கு மேல் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன். ஏழைகளையும் முஸ்லிம்களையும் தலித்துகளையும் பிடித்துப் பிடித்துக் கத்தி வைத்தார்கள். இடம் கொடுத்த அதே கைதான்.

பண்ணையம் ஒழிந்ததா? பேர் மாறியது. குமாரபாளையம், பள்ளிபாளையம் விசைத்தறிகளில் அட்வான்ஸ் என்றும் பாக்கி என்றும் வந்தது. நூல் மில்லில் சுமங்கலித் திட்டம் என்று பொண்ணுகளை அடைத்துவைத்து வந்தது.

அம்பேத்கர் இதை முன்னாலேயே சொல்லிவிட்டார். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில், அரசியலில் பக்தி கடைசியில் சர்வாதிகாரத்தில்தான் கொண்டுபோய் விடும் என்று எச்சரித்தார். அரசியலில் சமத்துவம், சமூகத்தில் ஏற்றத்தாழ்வு என்று ரெண்டையும் வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவீர்கள் என்றும் கேட்டார். அந்த ரெண்டு எச்சரிக்கையும் ஒரே பேச்சில் வந்தது சும்மா இல்லை. சாதிதான் பக்திக்கு நாற்றங்கால். 'சாமி' என்றும் 'பண்ணாடி' என்றும் தினமும் கும்பிட வைத்த சமூகத்தில் சர்வாதிகாரி வானத்திலிருந்து குதிக்க வேண்டியதில்லை.

இதைச் சிறைக்குப் போன தோழர்களும் பார்க்கவில்லை என்பதுதான் என் ரெண்டாவது குற்றச்சாட்டு. எமர்ஜென்சிக்கு முன்னால் 1968 இல் வெண்மணியில் 44 பேரை எரித்தார்கள். கூலிச் சண்டை என்றுதான் ரொம்ப காலம் எழுதினீர்கள். எரிந்தவர்கள் எந்தத் தெருக்காரர்கள் என்பது ரெண்டாம்பட்சம் ஆகிவிட்டது. 1964 இல் தொடங்கிய மார்க்சிஸ்ட் கட்சியின் அரசியல் தலைமைக் குழுவுக்குள் ஒரு தலித் நுழைய 2022 ஆகவேண்டியிருந்தது. சிபிஐக்குத் தலித் பொதுச்செயலாளர் வந்தது 2019 இல். தீண்டாமை ஒழிப்பு முன்னணி கட்டினீர்கள், 2008 இல் உத்தப்புரம் சுவரை உடைக்கப் போராடினீர்கள், அருந்ததியர் உள் ஒதுக்கீட்டுக்குக் கூட நின்றீர்கள். மனசாரச் சொல்கிறேன், நன்றி. ஆனால் அதெல்லாம் ஒரு முன்னணியின் வேலையாக இருக்கிறது. கட்சியின் தத்துவமாக இன்னும் ஆகவில்லை.

ஏன் ஆகவேண்டும்? எமர்ஜென்சி இல்லாமலே 2015 இல், அதே ஜூன் மாசம், அதே திருச்செங்கோட்டு மலைக்கோயிலிலிருந்து கோகுல்ராஜைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மறுநாள் தண்டவாளத்தில் உடல். 2022 இல் தீர்ப்பு வரும்வரை சாதிக் கூட்டம் கொலைகாரனை மாவீரன் என்றது. 2019 டிசம்பர் 2 இல் மேட்டுப்பாளையம் நடூரில் சுவர் விழுந்து 17 பேர் செத்தார்கள். நியாயம் கேட்டுப் போனவர்களுக்குத் தடியடி, சிறை. எந்த அவசரச் சட்டமும் தேவைப்படவில்லை. மிசா செத்துவிட்டது, ஊபா உயிரோடு இருக்கிறது. 2020 இல் அம்பேத்கர் பிறந்த ஏப்ரல் 14 அன்றே ஆனந்த் டெல்டும்டே சிறைக்குப் போனார். 2021 ஜூலை 5 இல் திருச்சி மண்ணின் ஸ்டேன் சாமி காவலில் இருக்கும்போதே செத்தார்.

அப்படியானால் எமர்ஜென்சியும் ஒன்றுதான் மற்ற நாளும் ஒன்றுதான், நமக்கென்ன என்று சில தலித் தம்பிகள் சொல்கிறார்கள். அது தப்பு. பண்ணாடியின் சர்வாதிகாரத்தை எதிர்க்க நம்மகிட்ட இருக்கிறது கூட்டம், எழுத்து, கோர்ட்டு மட்டும்தான். நிலம் இல்லாதவனுக்கு அதுதான் நிலம். டெல்லி சர்வாதிகாரம் முதலில் அதைத்தான் பிடுங்கும். ஊரின் சர்வாதிகாரமும் நாட்டின் சர்வாதிகாரமும் சேரும்போது நமக்கு ஓட இடமில்லை.

அப்பனைத் தோட்டத்தில் ஆறு வயசுப் பையன்கூட 'டேய்' என்றுதான் கூப்பிடுவான். அவரை முதன்முதலில் 'தோழர்' என்று கூப்பிட்டது மில் சங்கத்துக்காரர்கள். அந்தச் சொல்லுக்காகத்தான் இந்தச் சண்டை.

ஆகவே கேட்கிறேன். அடுத்த ஜூன் 25 க்குச் சங்கிகளின் பொய்யைக் கிழியுங்கள், கூட வருகிறோம். அதே மேடையில் கோவை எம்.பி. எந்தப் பக்கம் இருந்தார் என்பதையும் சொல்லுங்கள். அந்த 21 மாசம் எத்தனை தோட்டத்தில் எத்தனை கொத்தடிமை மீண்டான், எத்தனை பேர் மனு போட்டு உதை வாங்கினான் என்று சேரி சேரியாகப் போய்க் கேட்டு எழுதுங்கள். அந்தக் கிழவர்களும் கிழவிகளும் செத்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் வரவில்லை என்றால் நாங்கள் போவோம், நாங்களே எழுதுவோம். அப்போது 'சாதியைப் பேசி வர்க்கத்தைப் பிளக்கிறார்கள்' என்று மட்டும் சொல்ல வராதீர்கள், தோழர்.