கட்டு மாற்றும் வேளையில் கைப்பேசி

புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது நோயாளியிடம் கைப்பேசியைக் கொடுக்கலாமா என்று உறவினர்கள் எங்களிடம் தயக்கத்துடன் கேட்பதுண்டு. தாராளமாகக் கொடுக்கலாம் என்பதே எங்கள் கருத்து. ஆனால் அது குழந்தைகளுக்கு மட்டுமே உரியது என்பதையும், வலி மருந்துக்கு அது மாற்றாகும் என்பதையும் நாங்கள் ஏற்பதில்லை.

அனல்மின் நிலையமும் துறைமுகமும் பட்டறைகளும் சூழ்ந்த அத்திப்பட்டு, எண்ணூர் வட்டாரத்தில் தீப்புண் அரிதன்று. வீட்டில் கொதிக்கும் குழம்பும் வெந்நீரும் போதும். தீப்புண்ணில் பட்ட அன்றைய வலியைவிட, பின்னர் வாரக்கணக்கில் கட்டுப் பிரிக்கும் வலியே பலரை வாட்டுகிறது. ஒருமுறை மிகவும் வலித்துவிட்டால், மறுமுறை மருந்து வண்டியின் ஓசை கேட்டதுமே உடல் இறுகிவிடுகிறது. அந்த அச்சம் வலியை மேலும் கூட்டுகிறது.

வலிச் செய்திகள் மூளைக்குச் செல்லும் வழியில் தண்டுவடத்தில் ஒரு வாயில் போன்ற அமைப்பு உள்ளது என்றும், மூளையின் கவனமும் உணர்ச்சியும் அவ்வாயிலைத் திறக்கவோ ஒடுக்கவோ கூடும் என்றும் 1965-ஆம் ஆண்டில் மெல்சாக், வால் என்னும் இரு அறிஞர்கள் விளக்கினர். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாஃப்மன், பேட்டர்சன் ஆகியோர் தீப்புண் நோயாளிகளுக்கென்றே ‘ஸ்னோ வேர்ல்டு’ என்ற கணினி விளையாட்டை உருவாக்கினர். கண்ணை மூடும் கருவியை அணிந்துகொண்டு, பனிப் பள்ளத்தாக்கில் பனிப்பந்து எறிய வேண்டும். (எண்ணூர் வெயிலில் இதைப் படிப்பதே சற்று இதமாக இருக்கிறது.)

விலையுயர்ந்த கருவி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். 2021-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு சாதாரணக் கைப்பேசியைப் பயன்படுத்தியே நடந்தது. கட்டு மாற்றிக்கொண்ட 90 சிறுவர் சிறுமியருள், தலையசைவால் விளையாட்டில் ஈடுபட்டவர்களே குறைந்த வலியைக் கூறினர். வெறுமனே பார்ப்பதைவிட விளையாடுவது மேல் என்பதையே இதிலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

பெரியவர்களின் நிலைதான் எங்களை வருத்துகிறது. குழந்தை அழுதால் பத்துக் கைகள் கைப்பேசியை நீட்டுகின்றன. தொழிலாளி ஒருவர் துடித்தாலோ, ‘ஆம்பளை, பல்லைக் கடிச்சுக்கோ’ என்கிறோம். பல்லைக் கடிப்பதால் புண் விரைவில் ஆறுவதில்லை. பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து இங்கு உழைப்பவருக்கு எங்கள் அரைகுறை இந்தியைவிட, அவர் ஊர்ப் பாட்டு ஒன்று பெரிய ஆறுதலாக இருக்கும்.

கட்டைப் பிரிக்கத் தொடங்கிய பின் அல்ல, அதற்குச் சில நிமிடங்கள் முன்பே விளையாட்டைத் தொடங்குங்கள். வலி மருந்து கொடுத்தாயிற்றா, அது வேலை செய்யப் போதிய நேரம் ஆயிற்றா என்று எங்களிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. ஒரு காதை மட்டும் திறந்து வையுங்கள், நாங்கள் பேசுவது கேட்கட்டும். கையில் புண் இருந்தால் உறவினர் ஒருவர் கைப்பேசியைப் பிடித்துக்கொள்ளலாம். அவர் அதைத் துடைத்துவிட்டு, புண்ணுக்கு எட்டத் தள்ளி நிற்கட்டும். வலிப்பு நோய் இருந்தவர்களும், தலைசுற்றல், குமட்டல் வருபவர்களும் முன்னரே கூறிவிட வேண்டும். ‘வலிக்கவே வலிக்காது’ என்று குழந்தையிடம் பொய் சொல்லாதீர்கள். அடுத்த முறை அது உங்களை நம்பாது.

இன்னொன்று. திரையில் மூழ்கி அமைதியாக இருக்கும் நோயாளிக்கு வலியே இல்லை என்று கருதி, மருத்துவப் பணியாளர்களாகிய நாங்கள் அவசரப்பட்டுவிடக் கூடாது. வலித்தால் கையை உயர்த்தச் சொல்லி வையுங்கள், நாங்கள் நிறுத்துவோம். நீரிழிவால் பாதம் மரத்தவர்களின் நிலை வேறு. அவர்களுக்கு வலி தெரியாததே ஆபத்து. புதிதாக வலியெடுத்தால் உடனே கூற வேண்டும்.

கட்டு மாற்றும் நேரத்தைச் செவிலியரிடம் முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குள் கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றி, விளையாட்டையோ பாட்டையோ பதிவிறக்கி வைத்துக்கொண்டால், பாதியில் இணையம் நின்றாலும் தடங்கல் இராது.