வெப்பமானி வைத்தவர் யார்?

"ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு முன்பு விண்வெளியில் இத்தனை பாகை வெப்பமாம்! அங்கே வெப்பமானி வைத்தவர் யார்? கண்டவர் யார்?" கேட்கிறார் காலட்சேபக்காரர், கேட்டுவிட்டுச் சிரிக்கிறார். கூட்டமும் சிரிக்கிறது. பாற்கடல் கடைந்ததைக் கண்டவர் யாரென்று அவரை எவரும் கேட்பதில்லை!

ஆயினும், தோழர்களே, கேள்வி நல்ல கேள்வி. பகுத்தறிவு அதற்கு அஞ்சாது, விடை பகரும்.

நெடுந்தொலைவில் குவாசர் எனும் பேரொளி மையங்கள் உள்ளன. அவற்றின் ஒளி நம்மை அடைய ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு மேலும் ஆவதுண்டு. வரும் வழியில், விண்மீன் திரள்களுக்கு இடையே பரவிக் கிடக்கும் ஹைட்ரஜன் வளி, குறிப்பிட்ட ஓர் அலைநீளத்தை மட்டும் விழுங்குகிறது. நிறமாலையில் கருங்கோடு விழுகிறது. அண்டம் விரிவதால், ஒவ்வொரு தொலைவிலுள்ள வளியும் வெவ்வேறிடத்தில் கோடு கிழிக்கிறது. ஒன்றா, இரண்டா? காடு! 'லைமன் ஆல்பா காடு' என்றே பெயரிட்டனர். வளி சூடேறினால் அணுக்கள் விரைந்தோடும். விரைந்தோடினால் கோடு அகலும். கோட்டின் அகலம்தான் ஐயா, வெப்பமானி! அண்டத்தின் விரிவும் கோட்டை அகலமாக்கும் என்பதை ஆய்வாளர் மறந்தாரில்லை. கணிப்பொறியில் மாதிரி அண்டங்களை அமைத்து, ஒப்பிட்டுப் பிரித்தறிகின்றனர்.

கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் பெக்கர் குழுவினர் 60-க்கும் மேற்பட்ட குவாசர்களின் ஒளியை ஆய்ந்து 2011-இல் முடிவை வெளியிட்டனர். பெருவெடிப்புக்குப் பின் 100 கோடி ஆண்டுகள் கடந்த காலத்தில் ஏறத்தாழ 8,000 பாகை. 300 கோடி ஆண்டுகளைத் தாண்டியபோதோ 12,000-க்கும் மேல்! விரியும் வளி குளிர வேண்டும், இதுவோ சூடேறியிருக்கிறது. ஏன்? குவாசர்களின் புறஊதா ஒளி, ஹீலியம் அணுக்களிடம் மிஞ்சியிருந்த கடைசி எலெக்ட்ரானையும் பிய்த்தெறிந்தது; அந்த ஆற்றல் வளியைக் காய்ச்சியது.

"இதெல்லாம் எங்கள் ஏட்டில் அன்றே உண்டு" என்று நாளை சுலோகத்தோடு வருவார் நம் காலட்சேபக்காரர். பிரம்மனின் பகல் 432 கோடி ஆண்டு என்று எண்ணும் காட்டுவார். எண் இருக்கிறது, எதைக் கொண்டு அளந்தீர்? எவ்வளவு பிழை இருக்கலாம்? அளந்த ஆய்வாளர் பிழையின் எல்லையையும் சேர்த்தே அச்சிட்டனர். பிறர் வேறு முறையால் மீண்டும் அளக்கின்றனர், எண்ணைத் திருத்துகின்றனர், திருத்தியவரை நாத்திகரென்று எவரும் விரட்டவில்லை. புதிய சான்று கிடைத்தால், பெரியவரே, நீர் அந்த 432-ஐ 431 ஆக்குவீரா?