மூச்சுக்கருவி யாருக்கு?

தீயணைப்பு வீரனாவது எப்படி? பஸ் ஸ்டாண்டுக் கடையில் தொங்குகிற வழிகாட்டிப் புத்தகம் இதற்கு இரண்டே பக்கத்தில் பதில் சொல்லிவிடும். பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் பொதுத்தேர்வு எழுத வேண்டும். இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் எல்லாருக்கும் ஒரே தேர்வுதான். தமிழ்த் தகுதித் தாளுக்கு 80 மதிப்பெண், அதில் 40 விழுக்காடு வாங்கினால்தான் அடுத்த தாளையே திருத்துவார்கள். முதன்மைத் தாள் 70, உடல்திறன் 24, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றுக்கு 6. 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடணும். கயிறேறணும். மார்பு 81 சென்டிமீட்டர், மூச்சை இழுத்தால் இன்னும் 5 விரியணும். உயரம் மற்றவர்களுக்கு 170, எஸ்.சி., எஸ்.டி.க்கு 167. வயது பொதுப்பிரிவுக்கு 26, பி.சி., எம்.பி.சி.க்கு 28, நமக்கு 31 வரை.

இந்த 3 சென்டிமீட்டரைப் பிடித்துத் தொங்குகிறவர்கள் எல்லா டீக்கடையிலும் இருக்கிறார்கள். "குட்டையா இருந்தாலும் எடுத்துக்கிறான்பா, உயிரக் காப்பாத்துற வேலையிலகூட சலுகை" என்பார்கள். அய்யா, உயரம் ஆகாயத்திலிருந்து விழுகிறதா? தலைமுறை தலைமுறையாய்க் கூழும் கஞ்சியும் அரைவயிறு குடித்த உடம்பு எப்படி வளரும்? அந்த 3 சென்டிமீட்டரை எங்கள் பாட்டன் உங்கள் பண்ணையில் விட்டுவிட்டு வந்தான். திருப்பிக் கேட்கிறோம், அவ்வளவுதான். 7 நிமிடத்தில் சலுகை இல்லை. கயிற்றில் சலுகை இல்லை. நெருப்பு சாதிச் சான்றிதழ் பார்த்துச் சுடுவதுமில்லை.

இல்லை, நான் சொன்னது தப்பு என்று குறுக்கே விழுவார் நம் தோழர். நெருப்பு சாதி பார்த்துத்தானே சுட்டது என்பார். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 2012 நவம்பர் 7 தர்மபுரி நத்தம் காலனியிலும் பக்கத்துக் காலனிகளிலும் 250க்கும் மேற்பட்ட வீடுகள். இப்படிக் கொளுத்துகிறவனை விட்டுவைக்கிற அரசாங்கத்தின் காக்கியை நாம் ஏன் மாட்டணும் என்பது தோழரின் கேள்வி. நல்ல கேள்விதான். ஆனால் காக்கியில் காக்கி உண்டு. ஒருத்தன் கையில் லத்தி, இன்னொருத்தன் கையில் தண்ணிக்குழாய். பற்றி எரிகிற சேரிக்கு வண்டி எத்தனை நிமிடத்தில் கிளம்புகிறது, சந்துக்குள் நுழையாத வண்டியிலிருந்து குழாயை எவன் இழுத்துக்கொண்டு ஓடுகிறான் என்பதெல்லாம் அந்த நிலையத்தில் யார் உட்கார்ந்திருக்கிறான் என்பதையும் பொறுத்தது. அந்த இடத்தை நாமே காலி பண்ணிக் கொடுத்துவிட்டு வெளியே நின்று கோஷம் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. 1927 டிசம்பர் 25 மகாடில் மனுஸ்மிருதிக்கு நெருப்பு வைத்தவர்தான் நம்மைப் படி, உத்தியோகத்துக்குப் போ என்றும் விரட்டினார்.

இன்னொரு தேதியும் உண்டு. ஏப்ரல் 14ஐ நாம் அம்பேத்கர் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறோம். தீயணைப்பு நிலையங்களில் அன்று செத்தவர்களுக்கு மலர்வளையம் வைப்பார்கள். 1944இல் அதே நாளில் பம்பாய் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகின் என்ற கப்பல் வெடித்து 66 தீயணைப்புக்காரர்கள் செத்தார்கள். பஞ்சு மூட்டையும் வெடிமருந்தும் ஒரே கப்பலில். வெடிமருந்து ஏற்றிய கப்பல் பறக்கவிட வேண்டிய சிவப்புக் கொடியை அந்தக் கப்பல் ஏற்றவில்லை. அன்றைக்கு பாபாசாகேப் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினர். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமலே ஆளை இறக்குவது இந்த நாட்டுக்குப் பழகிப்போன காரியம்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். வழிகாட்டிப் புத்தகம் சொல்லாத ஒரு வேலை தீயணைப்பாளனுக்கு உண்டு. பாதாளச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் செத்துக் கிடக்கிறவனைத் தூக்குவது. உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு. காற்றைவிடக் கனம், அடியில் தேங்கி நிற்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மூக்கையே மரக்கடித்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று மனிதன் நினைப்பான். இன்னும் ஏறினால் ஒன்றிரண்டு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவான். முதல் ஆளைக் காப்பாற்ற இரண்டாவது ஆள் குதிப்பான், அவனும் வரமாட்டான். அண்ணன் தம்பியாகவும் மாமன் மச்சானாகவும் சேர்ந்தே சாவது இதனால்தான்.

பிறகு 101க்கு போன் போகும். சிவப்பு வண்டி வரும். வந்தவர் முதுகில் சிலிண்டர், முகத்தில் முகமூடி. பி.ஏ. செட் என்பார்கள். நல்ல காற்றை அழுத்தி அடைத்தது, அரைமணி முக்கால்மணி தாங்கும், தீரப்போகிறது என்றால் விசில் அடித்து எச்சரிக்கும். இடுப்பில் கயிறு, மேலே கயிற்றைப் பிடிக்க ஆள். அவர் இறங்கி எங்கள் ஆளை எடுத்துக்கொண்டு பத்திரமாக மேலே வருகிறார். அவர் பத்திரமாக வரத்தான் வேண்டும், அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. என் கேள்வி ஒன்றுதான்: அதே குழி, அதே விஷம், ஒருமணி நேர வித்தியாசம். பொணத்தை எடுக்கப் போகிறவனுக்கு இருக்கிற மூச்சு, உயிரோடு இறங்கினவனுக்கு ஏன்டா இல்லை?

சட்டம் இல்லாமலில்லை. 1993இல் ஒன்று, 2013இல் ஒன்று. 2013 சட்டத்தின் விதிகளில் பாதுகாப்புப் பொருள்களின் நீண்ட பட்டியலே இருக்கிறது. 2014இல் உச்ச நீதிமன்றம் சாவுக்கு 10 லட்சம் என்றது, 2023 அக்டோபரில் 30 லட்சமாக்கியது. நான் பாங்கியில் பணம் எண்ணுகிறவன், கணக்காகவே சொல்கிறேன். அந்த 30 லட்சத்தில் ஒரு சிறு துண்டு போதும் ஒரு பி.ஏ. செட் வாங்க. செத்தபின் எழுதத் தயாராக இருக்கிற செக்கைச் சாகுமுன் எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. நஷ்டஈட்டை டெபாசிட் பண்ண வந்த ஒரு அம்மா, "பணத்த எங்கெங்க வைக்கணும்னு கேக்குறாங்க, ஆள எங்க வச்சாங்கன்னு யாரும் கேக்கலியே சார்" என்றது. நான் படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுத்தேன்.

தீயணைப்பாளனுக்குக் கயிறேறத் தெரிகிறதா என்று சோதிக்கிறார்கள். மலக்குழிக்குக் கயிறும் இல்லை, சோதனையும் இல்லை. அங்கே பிறப்பே ஹால்டிக்கெட். இருட்டும் நாற்றமும் இடுக்கும் பழகினவன், எந்த மூடியைத் திறந்தால் வாயு எப்படி வரும் என்று அறிந்தவன். அவனைவிடத் தேர்ந்த மீட்பாளன் எங்கே கிடைப்பான்? அவனுக்குப் பயிற்சியும் பி.ஏ. செட்டும் கொடுத்து மீட்புப் பணியில் எடுங்கள் என்றால் பத்தாவது சர்டிபிகேட் கேட்பார்கள், 31 தாண்டிவிட்டது என்பார்கள். செத்தால் வாரிசுக்கு வேலை என்று அதே துடைப்பத்தை நீட்டுகிறவர்களுக்கு விதியைத் தளர்த்த மட்டும் தெரியாதாக்கும். பெண்கள் கதை இன்னொன்று. 2003இலேயே இந்தத் துறையில் பெண்கள் அதிகாரிகளாக வந்தாயிற்று, 2023 அறிவிப்பின் 674 தீயணைப்பாளர் இடமும் ஆண்களுக்கே.

ஆகவே தம்பி, நீ போ. எஸ்.சி. 18 விழுக்காடு, அதற்குள் அருந்ததியருக்கு 3. ஒரு இடமும் காலியாகக் கிடக்கக்கூடாது. பொழுது விடியுமுன் ஏரிக்கரையில் ஓடு, புளியமரத்தில் கயிற்றைக் கட்டு. தமிழ்த் தாளை லேசாக நினைக்காதே, இலக்கணத்தில் பலர் கவிழ்கிறார்கள். சாதிச் சான்றிதழை இப்போதே வாங்கி வை, அறிவிப்பு வந்தபின் தாசில்தார் ஆபீசில் நின்றால் கடைசித் தேதி போய்விடும். வேலை கிடைத்து முதன்முதலாக உன்னை ஒரு சாக்கடை மூடியருகே கொண்டு நிறுத்தும்போது, உள்ளே இறங்கினவனுக்கு என்ன கொடுத்து இறக்கினார்கள் என்று அறிக்கையில் எழுது. மேலதிகாரி அடிக்கச் சொன்னாலும் அந்த வரியை அடிக்காதே.