கம்ப்யூட்டர் இல்லாத வீட்டில் ஒரு பிரிண்டர்!

(இரண்டாமாண்டு இ.சி.இ. மாணவன்)



மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "செயற்கை நுண்ணறிவு பத்தி எழுதுடா, ராக்கெட் பத்தி எழுதுடா" என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். நான் எழுத வந்திருப்பதோ செல்போனிலிருந்து கம்பி இல்லாமல் பிரிண்ட் எடுப்பதைப் பற்றி! "பூ... இவ்வளவுதானா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற 16 பக்கத் தமிழ்ப் புத்தகத்தை அச்சடிக்க எழுத்துகளை வார்க்க வேண்டியிருந்தது, அச்சு இயந்திரம் வேண்டியிருந்தது, ஆள்கள் வேண்டியிருந்தது. இன்று சட்டைப் பைக்குள் இருக்கிற போன் போதும். ஆனாலும் நாம் இன்னும் ஜெராக்ஸ் கடை வாசலில்தான் வரிசையில் நிற்கிறோம். ஏன்? இதுதான் என் கேள்வி.

சென்ற வருடம் ஸ்காலர்ஷிப்புக்காக அம்மாவின் ஆதார், பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், வருமானச் சான்று மூன்றையும் பிரிண்ட் போட ஒரு கடைக்குப் போனேன். கடைப் பெயர் வேண்டாம். அங்கே நடைமுறை உங்களுக்கே தெரியும். சுவரில் ஒட்டியிருக்கும் நம்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். அனுப்பினேன். கடைக்கார அண்ணன் என் ஃபைலைத் தேடி மவுஸை உருட்ட உருட்டத் திரையில் ஓடியது என்ன தெரியுமா? யார் யாருடைய ஆதார் கார்டோ, ஒரு கிரயப் பத்திரம், ஒரு பெண்ணின் ஸ்கேன் ரிப்போர்ட், என் வகுப்புத் தோழன் ஒருவனின் சாதிச் சான்றிதழ்! எனக்குப் பின்னால் நின்ற ஆறு பேரும் என்னைப் போலவே அதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த வரிசையில் இப்போது என் அம்மாவின் பாஸ்புக்கும் சேர்ந்துவிட்டது.

"அண்ணா, பிரிண்ட் எடுத்ததும் அழிச்சிருங்கண்ணா" என்றேன். "ராத்திரி மொத்தமா அழிச்சிருவேன் தம்பி" என்றார். அவர் நல்ல மனிதர்தான். கூட்டம் நெருக்கும்போது யாரால் ஒவ்வொன்றாக உட்கார்ந்து அழிக்க முடியும்? ஆனால் திரையில் நான் பார்த்த தேதிகள் மூன்று மாதத்துக்கு முந்தியவை!

இது என் ஒருவனுடைய பயம் அல்ல. 2022 மே 27-இல் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஓர் அறிவிப்பு விட்டது. ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், கடைசி 4 எண் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட ஆதாரைப் பயன்படுத்துங்கள், பொதுக் கணினியில் இறக்கினால் நிரந்தரமாக அழித்துவிடுங்கள் என்று அதில் இருந்தது. ஜனங்கள் பதறிப்போனதால் இரண்டே நாளில், மே 29-இல், அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அறிவிப்புப் போய்விட்டது. கடைக் கம்ப்யூட்டரில் கிடக்கிற ஃபைல் போய்விட்டதா?

அன்றைக்கு முடிவெடுத்தேன். தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் வருகிற மாதம் ₹1000-ஐ எட்டு மாதம் சேர்த்து, ஈரோட்டில் ஒருவர் பழசாக விற்ற இங்க் டேங்க் பிரிண்டர் ஒன்றை பஸ்ஸில் மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. வைஃபை கனெக்‌ஷனும் கிடையாது. அப்பா தறிக்குடோனிலிருந்து வந்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏண்டா கண்ணு, கம்ப்யூட்டர் இல்லாம இதை வாங்கியாந்திருக்கியே, மாடு இல்லாம நுகத்தடி வாங்கின கதையால்ல இருக்குது?"

அப்பாவைச் சொல்லிக் குற்றமில்லை. நம் வகுப்பிலேயே பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். பிரிண்டர் என்றால் கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர் என்றால் டிரைவர் சிடி, கேபிள் என்ற எண்ணம். அது பழைய கதை நண்பர்களே! 2010-இல் ஆப்பிள் கம்பெனி ஏர்பிரிண்ட் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 2013-இல் கேனன், ஹெச்.பி., சாம்சங், ஜெராக்ஸ் நான்கும் சேர்ந்து மோப்ரியா என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல் போனுக்குள்ளேயே பிரிண்ட் வசதி உட்கார்ந்திருக்கிறது. தனியாக எந்த ஆப்பும் போடாமலே பெரும்பாலான வைஃபை பிரிண்டர்களில் அடிக்கலாம்.

எப்படி நடக்கிறது? போனும் பிரிண்டரும் ஒரே வைஃபையில் இருந்தால், போன் ஒரு குரல் கொடுக்கிறது: "இங்க பிரிண்டர் யாராச்சும் இருக்கீங்களா?" பிரிண்டர் தன் பெயர், கலர் உண்டா, என்ன அளவு காகிதம் என்று பதில் சொல்கிறது. பிறகு போன் பக்கத்தை நேராக அதனிடம் ஒப்படைக்கிறது. இதற்கு இன்டர்நெட் தேவையே இல்லை. ஒரு எம்.பி. டேட்டா கூடச் செலவாகாது. நன்றாக யோசியுங்கள்... வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மூன்றடி தூரத்தில் இருக்கிற கடைக் கம்ப்யூட்டருக்குப் போக நம் ஃபைல் எங்கோ இருக்கிற சர்வர் வரை போய்த் திரும்புகிறது. வந்த பிறகு அங்கேயே தங்கியும் விடுகிறது!

சொல்வது சுலபம். எனக்கு இரண்டு ராத்திரி போயிற்று. என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டேன், பிரிண்டர் கண்டுகொள்ளவே இல்லை. பழசு என்று ஏமாற்றிவிட்டார்களோ என்று அழுகையே வந்துவிட்டது. மறுநாள் லேபில் உட்கார்ந்திருக்கும்போதுதான் பொறி தட்டியது. என் போன் ஹாட்ஸ்பாட் 5 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. வீட்டு உபயோகப் பிரிண்டர்கள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் காது கேட்கும்! செட்டிங்ஸில் அதை மாற்றியதும் பிரிண்டர் வந்து ஒட்டிக்கொண்டது. அப்புறம் இன்னொரு சங்கடம். ஹாட்ஸ்பாட் கொடுக்கிற போனிலிருந்தே பிரிண்ட் கொடுத்தால் சில போனில் வேலை செய்கிறது, சிலதில் இல்லை. என்னுடையது இல்லை ரகம். அப்பா போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, என் போனையும் பிரிண்டரையும் அதில் சேர்த்தேன். கர்ர்ர்... என்று சத்தம் வந்தது பாருங்கள்!

வைஃபை டைரக்ட் என்று இன்னொரு வழியும் உண்டு. அதில் பிரிண்டரே ஒரு சின்ன வைஃபை போடும், நாம் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். "இதில் இன்டர்நெட் இல்லை" என்று போன் பயமுறுத்திவிட்டுத் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். அந்த நேரத்துக்கு டேட்டாவை அணைத்து வைத்தால் தீர்ந்தது.

முதலில் அடித்தது என்ன தெரியுமா? அம்மாவின் மறைக்கப்பட்ட ஆதார். மகளிர் குழுவுக்குத் தேவைப்பட்டது. தார் சுற்றிக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்து காகிதத்தைக் கையில் வாங்கி, "என்ற நம்பரு பாதி காணோமே சாமி?" என்றார். விளக்கினேன். "அதான் நல்லது" என்றார். அப்பாவோ காகிதத்தைப் பார்க்கவில்லை. பிரிண்டருக்குள் இங்கும் அங்கும் ஓடுகிற ஹெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதென்றா, நாடா ஓடற மாதிரியே ஓடுது! காயிதம் துணி மாதிரி நவுருது!" அவர் சொன்னது சரிதான். தறியில் நாடா ஒரு ஓட்டம் போனதும் துணி ஒரு நூல் நகர்கிறது. இங்கே ஹெட் ஒரு ஓட்டம் போனதும் காகிதம் ஒரு கோடு நகர்கிறது. எந்தப் புத்தகத்திலும் எனக்கு இப்படி ஒரு விளக்கம் கிடைக்கவில்லை.

"அப்போ எல்லோரும் வீட்டுக்கு ஒரு பிரிண்டர் வாங்கலாமா?" என்று கேட்பீர்கள். வேண்டாம் என்றே சொல்வேன்! புதிதாக வைஃபை உள்ள இங்க் டேங்க் மாடல் வாங்கப் பத்தாயிரத்துக்கு மேல் ஆகிறது. நமக்கு அது சாதாரணப் பணம் இல்லை. மேலும் பத்து நாள் சும்மா விட்டால் மை காய்ந்து ஹெட் அடைத்துக்கொள்ளலாம்; வாரம் ஒரு கலர் பக்கமாவது அடிக்க வேண்டும். நம் ஊர் வீடுகளில் பஞ்சுத் தூசி வேறு. எங்கள் பிரிண்டர், டேமேஜ் ஆன லுங்கித் துண்டைப் போர்த்திக்கொண்டுதான் தூங்குகிறது! பழசு வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கூகுள் கிளவுட் பிரிண்ட் என்ற சேவை 2020 டிசம்பர் 31-உடன் மூடப்பட்டுவிட்டது. அதை மட்டும் நம்பிய பழைய மாடலை வாங்காதீர்கள். ஏர்பிரிண்ட் அல்லது மோப்ரியா இருக்கிறதா என்று பாருங்கள்.

ஜெராக்ஸ் கடைகள் அழிய வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. ஐம்பது பக்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட், ஸ்பைரல் பைண்டிங் எல்லாம் அங்கேதான் நடக்க வேண்டும். அந்த அண்ணன்களும் பிழைக்க வேண்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். கடையில் இருக்கிற வைஃபை பிரிண்டரை வாடிக்கையாளர் போனிலிருந்தே நேராக அடிக்க விட்டால் என்ன? அழிக்கிற வேலையே மிச்சம்! எந்த ஃபைலும் கடைக் கம்ப்யூட்டரில் சேராது.

அதற்கு முன்னால் நாமே செய்து காட்டலாம். நம் மாணவர் சங்க அறையில் ஒரு வைஃபை பிரிண்டர் வையுங்கள் என்று சங்க நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். கம்ப்யூட்டர் வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம். ஹால் டிக்கெட், ஸ்காலர்ஷிப் பாரம், சான்றிதழ் மட்டும் அடிக்கலாம். வெளியே பக்கத்துக்கு ஐந்து ரூபாய் கொடுக்கிறோம். இங்கே இரண்டு ரூபாய் உண்டியலில் போட்டால் காகிதமும் மையும் வாங்கிக் கட்டுப்படியாகும். காகிதத்துக்குத்தான் பஞ்சமா? பக்கத்துப் பள்ளிபாளையத்தில் சேஷசாயி காகித ஆலை, கரூர்ப் பக்கம் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் தமிழ்நாடு காகித ஆலை! பிரிண்டரோடு வருகிற பாஸ்வேர்டை மட்டும் முதல் நாளே மாற்றிவிட வேண்டும். அடித்த காகிதத்தை டிரேயிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு ஐந்து ரூபாய் அபராதம் போடலாம். இல்லாவிட்டால் கடைத் திரையில் பார்த்ததை இங்கே டிரேயில் பார்ப்போம்.

மெக்கானிக்கல் நண்பர்கள் ஒரு மர ஸ்டாண்டு செய்து தருவதாக ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டார்கள். ஹெட் அடைத்தால் கழுவித் தருவது என் பொறுப்பு. சங்க அறையின் ஜன்னலோரம் ஒரு பிளக் பாயின்ட் காலியாகத்தான் இருக்கிறது. போன வாரமே போய்ப் பார்த்துவிட்டேன்.