காளானை மசாலாவில் புதைக்காதீர்கள்

புரட்டாசி வந்தால் எங்கள் காளானுக்கு ராஜ மரியாதை. திருவள்ளூர் பெருமாள் ஊர். பல வீடுகளில் அந்த மாதம் முழுக்கக் கறி, மீன் கிடையாது. காக்களூரில் என் குடிலிலிருந்து விடிகாலையில் போகும் சிப்பிக் காளான் பாக்கெட்டுகள் பத்து மணிக்குள் தீர்ந்துவிடும். ஐப்பசி பிறந்ததும் அதே கடைக்காரர், "மேனேஜர் சார், ரெண்டு நாளைக்குக் கொண்டாராதீங்க, நேத்து சரக்கே அப்படியே கிடக்கு" என்பார். காளான் ரெண்டு நாள் காத்திருக்குமா? படுக்கையில் பூத்தது பூத்ததுதான். பறிக்காமல் விட்டால் ஓரம் சுருண்டு காய்ந்துபோகும்.

இது நாமே தேடிக்கொண்ட வினை. "கறிக்குப் பதில் காளான்" என்று சொல்லிச் சொல்லி விற்றோம். பதில் ஆளுக்கு, நிஜ ஆள் லீவு முடிந்து வரும்வரைதானே வேலை?

வங்கியில் இருந்த காலத்தில் காளான் குடில்களுக்கு நானே கடன் பரிந்துரை செய்திருக்கிறேன். திட்ட அறிக்கையில் குடில் செலவு, வித்துச் செலவு, படுக்கைக்கு இவ்வளவு மகசூல், கிலோவுக்கு இவ்வளவு விலை என்று எல்லாம் பைசா சுத்தமாக இருக்கும். இதை வாங்கும் வீட்டில் வாரத்துக்கு எத்தனை நாள் காளான் சமைப்பார்கள் என்று கேட்க ஒரு கட்டம்கூட இருக்காது. நானும் கேட்டதில்லை. அவற்றில் சில குடில்கள் இரண்டாம் வருடமே ஆட்டுக் கொட்டகை ஆகிவிட்டன. சொந்தப் பணத்தைப் போட்ட பிறகுதான் எனக்கு அந்தக் கேள்வி உறைத்தது.

எங்கள் ஊர்க்காரர் ஒருவர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜப்பானியப் பொறியாளர்கள் தங்கும் விடுதியில் சமையல் செய்கிறார். வாரம் இரண்டு முறை என்னிடம் காளான் வாங்குவார். ஒருநாள் முந்தின நாள் பறித்ததைக் கொடுத்துவிட்டேன். பாக்கெட்டைப் பிரித்து மூக்கருகே வைத்தவர் திருப்பிக் கொடுத்தார். "சார், தப்பா நெனச்சுக்காதீங்க. மசாலா போட்டா ஓடிடும். நான் செய்யறதுல இது காட்டிக் கொடுத்துடும்."

அப்படி என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டேன். எங்கள் வீட்டு அடுப்பிலேயே செய்து காட்டினார்.

காளானைக் கழுவவில்லை. வைக்கோல் துணுக்கைத் துணியால் துடைத்துவிட்டு, அடித்தண்டை நீக்கி, கத்தி தொடாமல் கையாலேயே நார்நாராகக் கிழித்தார். இரும்புத் தோசைக்கல்லை நன்றாகக் காயவைத்து, எண்ணெய் விடாமல், ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பரப்பினார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என் மனைவி கரண்டியை எடுக்கப் போனபோது, "வேணாம்மா, கிண்டினா தண்ணி விட்டு வெந்துபோயிடும்" என்று தடுத்தார். காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அது கசிந்து, கல்லிலேயே வற்றி, ஓரம் பொன்னிறமாகும்போது ஒரு திருப்பு. அப்புறம் ஒரு கரண்டி செக்கு நல்லெண்ணெய், கல்லின் ஓரத்தில் ஒரு தேக்கரண்டி சோயா சாஸ். சுர்ரென்ற சத்தம் அடங்குமுன் இறக்கி, வறுத்து நுணுக்கிய எள்ளைத் தூவினார். முழுசாகப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு விழுது, கரம் மசாலா எதுவும் இல்லை. சுடுசோற்றோடு சாப்பிட்டோம். ஏழு வருடமாகக் காளான் வளர்க்கிறேன். அதன் ருசி இன்னதென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஜப்பானில் காளானுக்குக் 'கினோகோ' என்று பெயர். நம் சிப்பிக் காளான் இனத்தை அங்கே 'ஹிராதாகே' என்கிறார்கள். காளான் கலந்து பொங்கும் சோறு அவர்களுக்கு இலையுதிர்காலச் சாப்பாடு. இந்த ருசி எங்கிருந்து வருகிறது என்பதையும் ஆராய்ந்து வைத்திருக்கிறார்கள். 1908-இல் கிகுனே இகேதா என்ற வேதியியலாளர் கொம்பு என்ற கடற்பாசியிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்து, அதன் ருசிக்கு 'உமாமி' என்று பெயர் வைத்தார். நாம் திட்டிக்கொண்டே இருக்கும் அஜினமோட்டோ பிறந்த கதை அதுதான். 1957-இல் அகிரா குனினாகா என்பவர் குவானிலேட் என்ற பொருளுக்கும் அதே ருசி உண்டு என்று கண்டார். ஷிடாகே காளானைக் காயவைத்து ஊறப்போட்ட சாற்றின் ருசிக்குக் காரணம் அதுதான். குளுட்டமேட்டும் இதுவும் சேர்ந்தால் ருசி பல மடங்கு ஏறும். காளானில் இரண்டுமே இயற்கையாக இருக்கின்றன. அதன்மேல் நாலு கரண்டி மசாலாவைக் கொட்டி மூடிவிட்டு, ருசி போதவில்லை என்று ஓட்டல்காரர் அஜினமோட்டோவையும் தூவுகிறார்!

சமையல் குறிப்பு எழுதுவதற்காக இதைச் சொல்லவில்லை. நம் விலை இதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. வைக்கோலைப் பாவிஸ்டினும் ஃபார்மலினும் கலந்த தண்ணீரில் இரவு முழுக்க ஊறப்போட்டுப் படுக்கை போடுபவர்கள் உண்டு. செலவும் வேலையும் குறைவு. நாம் வைக்கோலை நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, விறகு எரித்து வேகவைத்து, பிழிந்தால் சொட்டாத பதத்துக்கு உலர்த்துகிறோம். அதற்காகப் பாக்கெட்டுக்குப் பத்து ரூபாய் கூடுதலாகக் கேட்கிறோம். இரண்டையும் காளான் 65 ஆக்கினால் எது எது என்று கண்டுபிடிக்க யாரால் முடியும்? நாக்கு ரசாயனத்தைக் கண்டுபிடிக்கும் என்று நான் புளுகமாட்டேன். ஆனால் பழசைக் கண்டுபிடிக்கும். உள்ளூரில் விடிகாலை பறித்து அன்றைக்கே அடுப்பேறும் காளானும், பெட்டியில் மூன்று நாள் பயணம் செய்த காளானும் ஒன்றில்லை என்று சொல்லிவிடும். நம்மால் அடித்துச் சொல்லக்கூடிய வித்தியாசம் அதுதான். அதையும் மசாலாவில் புதைத்துவிட்டு, "இயற்கைக் காளானுக்கு மதிப்பில்லையே" என்று கூட்டத்துக்குக் கூட்டம் புலம்புகிறோம்.

சோயா சாஸ் நமக்கு எதற்கு என்று சிலர் கேட்பீர்கள். நியாயம்தான். முறையான சோயா சாஸ் என்பது சோயாவும் கோதுமையும் உப்பும் சேர்த்து மாதக்கணக்கில் நொதிக்க வைப்பது. நம் கடைகளில் கிடைப்பதில் பல, நிறம் சேர்த்த உப்புத் தண்ணீர். புட்டியின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் உப்பும் ஒரு சிட்டிகை வெல்லமும் போதும். நான் இரண்டு விதமாகவும் செய்கிறேன். எனக்கு மிளகு வேண்டும், மனைவிக்கு எள் போதும். என் பாட்டி மழைக்கு முளைத்த புற்றுக் காளானை உப்பும் மிளகும் மட்டும் போட்டுத்தான் வதக்குவாள். அதனால் இந்த முறையை ஜப்பானுக்கே தாரை வார்க்கவும் எனக்கு மனமில்லை. (காட்டுக் காளானை அடையாளம் தெரியாமல் பறிக்காதீர்கள். பாட்டிக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.)

கோடையில் நம் கை கொடுப்பது பால் காளான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் ஏபிகே 2 என்ற பெயரில் வெளியிட்ட ரகம். சித்திரை வெயிலுக்கும் அசராது. இது சதைப்பற்றானது, கிழித்தால் பத்தாது. தண்டை நீளவாக்கில் மெல்லிய வில்லைகளாக அரிந்து, கல்லில் இன்னும் நாலு நிமிடம் கூடுதலாக விடவேண்டும். சமையல்காரருக்கு இது பிடிக்கவில்லை, எனக்குப் பிடித்திருக்கிறது.

ஐப்பசியிலிருந்து பாக்கெட்டுக்குள் ஒரு துண்டுச் சீட்டு வைக்கிறேன். பறித்த தேதி, கழுவாதீர்கள், மசாலா வேண்டாம், தோசைக்கல்லில் பத்து நிமிடம். பாதிப் பேர் அதைப் படிக்காமல் குப்பையில் போடுகிறார்கள். ஆனால் சிட்கோவில் வேலைக்குப் போகும் பெண்கள் நாலைந்து பேர் வார நாட்களில் வாங்க ஆரம்பித்திருக்கிறார்கள். மசாலா அரைக்க நேரமில்லாதவர்கள் அவர்கள். ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்காக இத்தனை நாள் இவர்களை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

சீட்டைவிட வாசனை நன்றாகப் பேசும். அடுத்த இயற்கைச் சந்தையில் காளான் போடுபவர்கள் எல்லோரும் ஆளுக்கு அரைக் கிலோ கொண்டுவாருங்கள். அடுப்பும் தோசைக்கல்லும் நான் கொண்டுவருகிறேன். மசாலா டப்பாவை மட்டும் யாரும் எடுத்து வராதீர்கள்.